பதினான்கு கோடுகள்

காயலான் கடையிலிருந்து மீட்டுவந்த 486 கணிப்பொறியின் கேபினட் ஒன்று என் மேசைமேல் முகப்பு கழற்றிக் கிடக்கிறது. வெள்ளையும் சாம்பலுமாக இருந்த பிளாஸ்டிக், பழைய பத்திரத்தாள் நிறத்துக்கு வந்துவிட்டது. சாவித் துளை, ரீசெட் பொத்தான், டர்போ பொத்தான். இவற்றுக்குப் பக்கத்தில், புகையேறிய கண்ணாடி போன்ற ஒரு சிறு சன்னல். அதன் பின்னால்தான் நான் தேடிய பொருள் இருக்கிறது: கணிப்பொறியின் வேகத்தை மெகாஹெர்ட்ஸில் காட்டும் எல்இடி பலகை.

மல்டிமீட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மகள் வந்து கேட்டாள்: “அப்பா, 66-னு அதுக்கு எப்படித் தெரியும்?”

“அதுக்குத் தெரியாதும்மா. யாரோ சொல்லிவச்சிருக்காங்க.”

உண்மையும் அதுதான். இந்தப் பலகை எதையும் அளப்பதில்லை. பிராசஸர் எந்த வேகத்தில் ஓடுகிறது என்பது இதன் காதுக்கு எட்டுவதே இல்லை. டர்போ பொத்தான் அமுங்கியிருக்கிறதா இல்லையா என்ற ஒரே செய்திதான் வந்து சேரும். அதற்கு இந்த எண், இதற்கு அந்த எண் என்று பெட்டியைப் பூட்டிய ஆள் கையால் எழுதிவைத்திருக்கிறார். சென்னை ரிச்சி தெருவில் அசெம்பிள் செய்து கொடுத்த பெட்டியானாலும் தைவானிலிருந்து வந்ததானாலும் வழி ஒன்றே. அந்த எழுத்து, பேனாவால் எழுதியதல்ல, ஜம்பரால் எழுதியது.

பொத்தானின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1981-இல் வந்த ஐபிஎம் பிசி 4.77 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. அந்த வேகத்தையே கடிகாரமாக நம்பி எழுதிய விளையாட்டுகள், பின்னால் வந்த வேகமான இயந்திரங்களில் கண் இமைப்பதற்குள் முடிந்துபோயின. அவற்றுக்காக இயந்திரத்தைக் கொஞ்சம் மெதுவாக்கித் தர ஒரு பொத்தான் வேண்டியிருந்தது. அதற்கு வைத்த பெயர் டர்போ.

இனி ஜம்பருக்கு வருவோம். ஓர் இலக்கம் என்பது ஏழு கோடு: படுக்கையாக மூன்று, நிமிர்ந்து நான்கு. பலகையின் முதுகைத் திருப்பினால் ஒவ்வொரு கோட்டுக்கும் ஊசிக்கால்கள் வரிசையாக நிற்கின்றன. அரிசி மணியைவிடக் கொஞ்சம் பருத்த கறுப்புத் தொப்பி ஒன்றை, அதாவது ஜம்பரை, அவற்றின்மேல் மாட்டவேண்டும். மாட்டும் இடத்தைப் பொறுத்து அந்தக் கோடு எந்நேரமும் எரியும், டர்போவில் மட்டும் எரியும், அல்லது டர்போ இல்லாதபோது மட்டும் எரியும். தொப்பியே மாட்டாவிட்டால் எரியாது. கம்பெனிக்குக் கம்பெனி ஊசிகளின் அடுக்கு மாறும். என் கைக்கு வந்த பலகையில் ஏற்பாடு இப்படி.

இதில் 33-ஐயும் 66-ஐயும் எழுதிப் பாருங்கள். 3-க்கும் 6-க்கும் பொதுவானவை நான்கு கோடுகள்: படுக்கைக் கோடு மூன்றும், வலப்பக்கம் கீழே உள்ளதும். அவை எந்நேரமும் எரியட்டும். வலப்பக்கம் மேலே உள்ளது 3-க்கு மட்டும். இடப்பக்கத்து இரண்டும் 6-க்கு மட்டும். ஆக ஏழு கோட்டுக்கும் வேலை இருக்கிறது. ஒன்றுகூடச் சும்மா இல்லை. பொத்தானை அமுக்கினால் வலத்தோள் அணைகிறது, இடப்பக்கம் முழுவதும் ஏற்றிக்கொள்கிறது. 3 மறைந்து 6 வந்ததாகவே தோன்றாது. இருந்த எண்ணே சுமையைத் தோள் மாற்றிக்கொண்டதுபோல் இருக்கும். 25-ஐ 50 ஆக்கும்போது அதைவிட அழகு. 2 என்பது 5-இன் கண்ணாடிப் பிம்பம் அல்லவா? முதல் இலக்கத்தில் படுக்கைக் கோடு மூன்றும் அசையாமல் நிற்க, நிமிர்ந்த நான்கும் குறுக்காக இடம் மாறிக்கொள்கின்றன. இந்த மாற்றத்துக்காகவே 25 மெகாஹெர்ட்ஸ் மதர்போர்டில் ஓடிய 50 மெகாஹெர்ட்ஸ் டிஎக்ஸ்2 பிராசஸர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

கையெழுத்து வேறுபாடும் உண்டு. 6-க்குத் தலைமேல் கோடு போடுபவர் ஒருவர், போடாமல் விடுபவர் ஒருவர். எண்ணே வேண்டாமென்று ஆங்கிலத்தில் ‘ஹை’, ‘லோ’ என்று எழுதியவர்களும் இருந்தார்கள். நான் தலைக்கோடு போட்ட 6-இன் கட்சி. அது இல்லாத 6 வெயிலில் குடையில்லாமல் நிற்பதுபோல் படுகிறது.

மின்சாரம் கொடுக்கும் முன் வயரை இருமுறை பார்த்தேன். எஸ்எம்பிஎஸ் மின்வழங்கியிலிருந்து வரும் நான்கு வயர் கனெக்டரில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் இரண்டு கறுப்பு. பலகைக்கு வேண்டியது சிவப்பும் ஒரு கறுப்பும் மட்டும். சிவப்பு எல்இடி ஏறக்குறைய 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மிச்சம் 3 வோல்ட்டை ரெசிஸ்டர் தாங்கவேண்டும். 330 ஓம் என்றால் கோட்டுக்கு 9 மில்லிஆம்பியர். 33-க்குப் பத்துக் கோடு, 66-க்குப் பன்னிரண்டு. இந்தச் சிறு பலகையில் மட்டுமாவது டர்போ கொஞ்சம் கூடுதலாகவே சாப்பிடுகிறது. மதர்போர்டில் டர்போ எல்இடி என்று அச்சிட்ட இரண்டு ஊசிகளிலிருந்து மெல்லிய வயர் ஒன்று வந்து செய்தி சொல்கிறது. அவ்வளவுதான்.

ஸ்விட்சைப் போட்டேன். பூதக்கண்ணாடியை வைத்து ஒரு கோட்டை மட்டும் பார்த்தேன். தூரத்தில் ஒரே சீராகத் தெரிந்த சிவப்பு, கிட்டத்தில் சீராக இல்லை. ஒளி பிறக்கும் படிகம் கடுகைவிடச் சிறியது. அது வெள்ளைப் பிளாஸ்டிக் குழியின் அடியில் உட்கார்ந்திருக்கிறது. மேலே ஊற்றிய மங்கலான பிசின் அந்தப் புள்ளியை இழுத்துக் கோடாக்குகிறது. அதனால் நடு கொஞ்சம் வெளுத்தும், முனைகள் கோவைப்பழம்போல் கனிந்தும் இருக்கின்றன. இலக்கங்கள் நேராக நிற்காமல் வலப்பக்கம் இலேசாகச் சாய்ந்திருக்கின்றன. அந்தச் சாய்வு இல்லாவிட்டால் எண்ணுக்கு ஓட்டமே வராது. புகை நிறச் சன்னலை மேலே பொருத்தியதும் அணைந்த கோடுகள் இருளுக்குள் போய்விட்டன, எரிபவை மட்டும் மிதக்கின்றன.

மூடும் முன் இன்னொன்றைக் கவனித்தேன். நூறாம் இடத்தில் 1 மட்டும் காட்டக்கூடிய அரை இலக்கம் இருக்கிறது. 66 மெகாஹெர்ட்ஸ் இயந்திரத்துக்கு அது வேண்டாம். அதற்குரிய தொப்பியை, பெட்டியைப் பூட்டிய அந்த முகம் தெரியாத ஆள் தூக்கி எறியவில்லை. ஒரே ஊசியில் மட்டும், எதையும் எதனோடும் சேர்க்காமல், தொங்கவிட்டிருக்கிறார். என்றாவது ஒருநாள் 100 மெகாஹெர்ட்ஸ் பிராசஸர் வாங்கிப் போடுகிறவர் அந்த ஒரு தொப்பிக்காகக் கடைகடையாக அலையக்கூடாதே என்று. முகப்பைப் பூட்டி நான்கு திருகுகளையும் முடுக்கினேன். அந்தத் தொப்பி அங்கேயே தொங்குகிறது.