வானூர்தியில் அளக்கும் காற்று வெப்பநிலை: தமிழ்க் கலைச்சொற்கள் குறித்த ஒரு மதிப்பீடு

திருப்பூர் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் அமைந்தது. தென்மேற்குப் பருவத்தில் மேகங்கள் மேலே கடந்து செல்லும். மழை குறைவாகவே பெய்யும். மேகங்களையும் மழையைப் பெருக்கும் வழிகளையும் வானூர்தி கொண்டு ஆராயும் 'கைப்பீக்ஸ்' திட்டத்தைப் புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் 2009-இல் தொடங்கியது. மேக விதைப்பு பற்றிய தமிழ்க் கட்டுரைகளில் மேகத்தின் வெப்பநிலை பெரும்பாலும் ஓர் எண்ணாகவே நின்றுவிடுகிறது. அது பெறப்பட்ட முறை பேசப்படுவதில்லை. இக்குறைக்குக் கலைச்சொல்லாக்கமும் ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் கருத்து.

பறக்கும் வானூர்தியின் உணரியில் மோதும் காற்று வேகமிழந்து, அமுங்கிச் சூடேறுகிறது. நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் இவ்வேற்றம் ஏறத்தாழ 5 பாகை செல்சியசு. வேகம் இருமடங்கானால் ஏற்றம் நான்கு மடங்காகும். உணரி அதில் எவ்வளவு பங்கைக் காட்டும் என்பது அதன் வடிவத்தைப் பொறுத்தது. உரிய திருத்தம் செய்த பின்னரே காற்றின் உண்மையான வெப்பநிலை கிட்டும்.

இவ்விரு அளவுகளையும் குறிக்கும் 'ஸ்டேட்டிக்', 'டோட்டல்' என்னும் அடைகளைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'நிலை வெப்பநிலை', 'மொத்த வெப்பநிலை' என்றாகும். முன்னதில் 'நிலை' இருமுறை வந்து பொருள் மங்குகிறது. பின்னது பல வெப்பநிலைகளின் கூட்டுத்தொகை போல் ஒலிக்கிறது. 'மொத்த அழுத்தம்' என்பதோடு ஒத்திசைவது அதன் நன்மை எனினும், 'காற்றின் இயல் வெப்பநிலை', 'தடைபட்ட காற்றின் வெப்பநிலை' என்பன நிகழ்வையே உணர்த்துவதால் மாணவர்க்குத் தெளிவு தரும்.

மேகத்தினுள் மற்றொரு பிழை நேர்கிறது. துளிகள் படிந்து உணரி நனைந்தால், நீர் ஆவியாகும்போது அது குளிர்ந்து, வெப்பநிலையைக் குறைத்துக் காட்டும். பின்னலாடைத் தொழிலை அறிந்தோர்க்கு இது புதிதன்று. துணிச் சோதனைக் கூடத்தில் 27 பாகை வெப்பநிலையும் 65 விழுக்காடு ஈரப்பதமும் பேணப்படுகின்றன. அந்த ஈரப்பதத்தை அறிய உதவும் ஈரக்குமிழ் வெப்பமானியில் நனைந்த பருத்தித் திரி செய்வதும் இதுவே. அங்கே வேண்டப்படும் குளிர்ச்சி இங்கே பிழையாகிறது. 'ஈரக்குமிழ்' என்னும் சொல் கருவியின் நிலையைப் பெயரிலேயே சொல்லிவிடுகிறது. வானூர்தி அளவீட்டுச் சொற்களுக்கும் அதுவே முன்மாதிரி.

சூழ்காற்றைவிட ஓரிரு பாகையோ அதனினும் குறைவாகவோ வெப்பம் மிகுந்திருப்பதால்தான் மேகம் மேலெழுகிறது. எனவே 1 பாகைப் பிழையும் எழும் மேகத்தைத் தாழும் மேகமாகக் காட்டிவிடக்கூடும். விதைப்புக்குரிய மேகத்தைத் தேர்வதும் அதனால் பிழைபடும். மழையை எதிர்நோக்கும் ஊர்களுக்காக எழுதுவோர் எண்ணுடன் அளந்த முறையையும் செய்த திருத்தத்தையும் தருதல் இன்றியமையாதது.