சாட்சி சொல்பவர் ஒதுங்கும் இடம்

நம் சபைகளில் சாட்சி சொல்ல எழுந்து நிற்பவர்கள் பெரும்பாலும் ஒரே தடத்தில்தான் போவார்கள். பழைய வாழ்க்கை, விழுந்த பள்ளம், கர்த்தர் தூக்கி எடுத்த நாள், இன்றைய ஆசீர்வாதம். தடத்தில் தவறில்லை. சொல்லச் சொல்ல யார் பெரிதாகிறார் என்பதே கேள்வி. செய்த பாவத்தையும் பெருமையாக விரித்துரைக்க முடியும். 'நான் ஒன்றுமில்லை' என்று பத்து முறை சொல்லியே கேட்பவர் கண்ணைத் தன்மேல் நிறுத்தவும் முடியும். இந்த ஆபத்தைத் திருச்சபை ஆதியிலேயே கண்டுகொண்டது. அதற்கு அது கண்ட வழிகள் பல.

அப்போஸ்தலர் வழி

லீஸ்திராவில் சப்பாணி எழுந்து நடந்ததைக் கண்ட ஜனங்கள், பர்னபாவை யூப்பித்தர் என்றும் பவுலை மெர்க்கூரி என்றும் கொண்டாடி, பலியிட எருதுகளைக் கொண்டுவந்தார்கள். இருவரும் வஸ்திரங்களைக் கிழித்துக்கொண்டு கூட்டத்துக்குள் ஓடித் தடுத்தார்கள். வந்த புகழை அந்த இடத்திலேயே திருப்பிவிடுவது இவ்வழியின் முதல் பாடம்.

ஆனால் பவுல் தன்னைப் பற்றிப் பேசாதவர் அல்ல. தமஸ்கு வழியில் நேர்ந்ததை எருசலேம் ஜனங்கள் முன்பும் அகிரிப்பா ராஜா முன்பும் தாமே எடுத்துரைத்தார். சபையைத் துன்பப்படுத்தியதை மறைக்கவில்லை. மூன்றாம் வானம்வரை எடுத்துக்கொள்ளப்பட்டதைக் கொரிந்தியருக்கு எழுதும்போது மட்டும், யாரோ ஒருவருக்கு நடந்ததுபோலச் சொல்லிக் கடந்துபோகிறார். தாழ்வைச் சொல்லத் தன்மை, மேன்மையைச் சொல்லப் படர்க்கை. நம் மேடைகளில் இந்த இலக்கணம் பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது.

அறிக்கை மரபு

ஹிப்போவின் ஆயர் அகஸ்டின் கி.பி. 397ஐ ஒட்டி எழுதத் தொடங்கிய 'அறிக்கைகள்', தன் வரலாறு சொல்லும் கிறிஸ்தவ நூல்களில் முதன்மையானது. அதில் அவர் பேசுவது தேவனோடு. வாசகர் பக்கத்தில் இருந்து கேட்பவர் மட்டுமே. 13 பாகங்களில் முதல் 9 பாகங்களே வாழ்க்கைக் கதை. பத்தாம் பாகத்தில் புகழாசை இன்னும் தம்மை விடவில்லை என்று ஆராய்கிறார். வீண்புகழை இகழ்கிறேன் என்று சொல்லி அதிலும் வீண்புகழ் தேடலாம் என்பதை அவர் அறிந்திருந்தார். கடைசி 3 பாகங்கள் ஆதியாகமத்தின் தொடக்கத்தைத் தியானிக்கின்றன. அங்கே அவர் கதை நின்றுவிடுகிறது, படைத்தவர் செயலே பேச்சாகிறது.

வாழ்ந்து காட்டும் மரபு

பிரெஞ்சுப் படை அதிகாரியாக இருந்து துறவியான சார்ல் தெ ஃபூக்கோ, 1905ல் சகாராவின் தமன்ராசெட்டில் துவாரெக் மக்கள் நடுவே குடியேறினார். பிரசங்க மேடை போடவில்லை. அவர்கள் மொழியைக் கற்று அகராதி தொகுத்தார், கவிதைகளைச் சேகரித்தார். அந்த மொழிப்பணிகளைக்கூட, காலமான தம் நண்பர் மொத்திலின்ஸ்கியின் பெயரில் வெளியிடவே விரும்பினார். 1916ல் கொல்லப்பட்டபோது அவரைச் சுற்றி ஒரு சபை உருவாகியிருக்கவில்லை. 2022 மே 15 அன்று ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்ட அதே ஆராதனையில்தான் நம் நட்டாலம் தேவசகாயமும் புனிதராக அறிவிக்கப்பட்டார். இம்மரபின் பலம் பொறுமை. வாய் திறக்கவேண்டிய நேரத்தில் திறக்காதிருக்க இதைச் சாக்காக்கிக்கொள்வது இதன் பலவீனம்.

நம் மண்ணில்

1895ல் இந்தியா வந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல், 1951ல் மறையும்வரை தாய்நாடு திரும்பவில்லை. டோனாவூரில் பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தவர், தம் கல்லறைமேல் கல் வேண்டாம் என்றார். பறவைகள் நீர் அருந்தும் தொட்டிதான் அங்கே இருக்கிறது. ஆனால் அவர் எழுதிய நூல்கள் முப்பதுக்கும் மேல். தன்னை ஒதுக்கிக்கொள்வது பேனாவை மூடிவைப்பதல்ல என்பதற்கு அவரே சான்று. ஊழியத்தின் தோல்விகளையும் உள்ளபடி எழுதிய அவருடைய கையெழுத்துப்படி ஒன்று, உற்சாகமூட்டவில்லை என்று முதலில் திருப்பி அனுப்பப்பட்டது, 1903ல்தான் நூலாயிற்று.

வெள்ளாளன்விளையில் பிறந்த வி. எஸ். அசரியா, 1912ல் தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவரே. ஞானஸ்நானம் பெறுவோர் தம் தலைமேல் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் தமக்கு ஐயோ என்று சொல்லும் வழக்கத்தை அவர் ஏற்படுத்தினார். நாவன்மையுள்ள ஒருவர் கையில் இருந்த சாட்சி, தெலுங்கு நாட்டுக் கூலி விவசாயிகளின் கைக்கு வந்தது. எல்லாரும் சாட்சிகளானால் எவரும் நட்சத்திரமாக இடமில்லை.

அளவுகோல்கள்

இந்த வழிகள் எல்லாவற்றிலிருந்தும் சில பொது அளவுகள் கிடைக்கின்றன. முதலாவது உண்மை: சுகமானதைச் சொல்லும் வாய், சுகமாகாததையும் சொல்ல வேண்டும். இரண்டாவது விகிதம்: பழைய பாவத்துக்கு அரைமணி, கிருபைக்கு இரண்டு நிமிடம் என்றால் தராசு சாய்ந்துவிட்டது. மூன்றாவது பிறர் மானம்: குடித்துத் திரிந்த மகனும் அழுத மனைவியும் நம் சாட்சிக்குச் சரக்கு அல்ல, உதவி பெற்ற பிள்ளையின் படம் நம் சுவரொட்டிக்கு உரியதும் அல்ல. நான்காவது, சொன்னவர் நாளை தவறினாலும் கேட்டவர் விசுவாசம் நிற்குமா என்பது. பிரசங்கியார் ஒருவரின் வீழ்ச்சியோடு ஒரு கூட்டமே சிதறுமானால், அங்கே அஸ்திபாரம் யார் என்பது விளங்கிவிடும்.

இவை அனைத்தையும் உள்ளடக்கிய அளவு யோவான் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. சமாரியப் பெண் தன் வாழ்க்கையைத் தொட்டே ஊராரை அழைத்தாள். தன்னைப் பற்றிப் பேசாமல் அவளால் அழைத்திருக்க முடியாது. இயேசு அங்கே இரண்டு நாள் தங்கினார். பிறகு ஊரார், இனி அவள் சொல்லை நம்பி அல்ல, தாங்களே கேட்டு விசுவாசிப்பதாக அவளிடமே சொன்னார்கள். சிலருக்கு இது நன்றி மறந்த பேச்சாகத் தோன்றலாம். சாட்சி சொன்னவருக்குக் கிடைக்கக்கூடிய நற்சான்று இதைவிட வேறில்லை.