மூடத் தெரிந்த கை

எஞ்சின் மாற்றிய பழைய காரின் பானெட்டைத் திறந்தால் கூடி நிற்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். என் கண் வேறு இடத்துக்குப் போகும். புதிய வீட்டில் வேலையில்லாமல் போன துளைகளை அந்த மெக்கானிக் எப்படி மூடியிருக்கிறார்? தையல்காரரின் கையைச் சட்டையின் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து எடைபோடுவது மாதிரிதான் இதுவும். அந்தத் துளைகளில் நான் அதிக நேரம் நின்று பார்ப்பது இ.ஜி.ஆர். துளையை, அதாவது எரிந்த வாயுவில் கொஞ்சத்தை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் அமைப்பின் துளையை.

அமெரிக்காவில் இந்த வேலைக்கு அருமையான எடுத்துக்காட்டு, 1969 ஷெவர்லே கமாரோவுக்குள் ஜெனரல் மோட்டார்ஸின் எல்.எஸ்.1 எஞ்சினை இறக்குவது. 5.7 லிட்டர், அலுமினிய பிளாக், வி8. 1997 கார்வெட்டில் முதலில் வந்து, அடுத்த ஆண்டே கமாரோவுக்கும் ஃபயர்பேர்டுக்கும் போனது. 1998 முதல் 2000 வரை கமாரோவில் வந்த எல்.எஸ்.1-இல் இ.ஜி.ஆர். உண்டு. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் புறப்படும்; வழியில் கணினி சொன்னபடி திறந்து மூடும் ஒரு வால்வு; முடிவில் நைலான் இன்டேக் மேனிஃபோல்டில் ஒரு வாய். 1969 கமாரோ இப்படி ஒன்றைக் கண்டதே இல்லை. அமெரிக்கக் கார்களில் இது பரவலானது 1973 மாடல்களில்தான்.

மூடுகிறவருக்கு, தான் மூடுவது எப்படிப்பட்ட பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும். இ.ஜி.ஆரை வெறும் புகைக் குழாய் என்று ஏசுவதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன், அது அநியாயம். எரியும் அறையின் வெப்பம் சுமார் 1,370 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் வேகமாகச் சேர்ந்து நைட்ரஜன் ஆக்சைடாகும். அதுவும் எரியாத பெட்ரோல் ஆவியும் வெயிலில் கலந்தால் ஓசோன் உண்டாகிறது; லாஸ் ஏஞ்சலஸில் கண்ணை எரித்த புகைமூட்டத்தின் மூலம் இதுதான் என்று 1950-களின் தொடக்கத்தில் கால்டெக்கின் ஹாகன்-ஸ்மிட் காட்டினார். ஏற்கெனவே எரிந்து முடிந்த வாயுவில் கொஞ்சத்தை உள்ளே திருப்பிவிட்டால் அது தானும் எரியாது, வெப்பத்தையும் வாங்கிக்கொள்ளும். உச்ச வெப்பம் இறங்கிவிடும். ஐடிலிங்கில் இந்த வால்வு மூடியிருக்கும். அக்சிலரேட்டரை முழுக்க மிதித்தாலும் மூடிக்கொள்ளும். நெடுஞ்சாலையில் நிதானமாக ஓடும்போதுதான் அதற்கு வேலை. ஆகவே, இதை அடைத்தால் குதிரைத்திறன் கூடும் என்பது வெறும் பேச்சு. முழு மிதியில் மூடிக்கிடக்கும் வால்வைக் கழற்றி என்ன வலு வரும்?

பிறகு ஏன் மூடுகிறார்கள்? பழைய காரின் எஞ்சின் அறையில் அந்தக் குழாய்க்கு இடம் இருக்காது. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை எடுத்துவிட்டு நீளக் குழாய் ஹெடர் போட்டால், வாயு புறப்படும் இடமே போய்விடும். ஹெடர் இல்லையென்றால் மூட மிஞ்சுவது மேனிஃபோல்டில் குழாய் உட்கார்ந்த முகமும் இன்டேக்கின் வாயும்.

இவற்றை மூடும் பிளேட்டைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது ஒரு சுகம். கைதேர்ந்தவர் கடையில் வாங்கமாட்டார். பழைய கேஸ்கெட்டை இரும்புத் தகட்டின் மேல் வைத்து ஊசியால் ஓரம் கீறுவார். வெட்டியதும் இரண்டு போல்ட் துளைகளுக்கும் சென்டர் பஞ்ச் அடித்து, முதலில் சின்ன டிரில், பிறகு அளவு டிரில். கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, தகட்டின் முகத்தை அதன்மேல் எட்டு போட்டுத் தேய்ப்பார். முதலில் ஓரங்களில் மட்டும் பளபளக்கும். நடுவில் ஒரு மங்கல் திட்டு கிடக்கும். அந்தத் திட்டு மறையும்வரை தேய்ப்பதுதான் பொறுமை. தகட்டின் கனத்திலும் சமரசம் கிடையாது. ஒரு மில்லிமீட்டர் தகட்டை இரண்டு ஓரங்களிலும் போல்ட் இழுத்தால் நடு வயிறு மேலே எழும்பும், வாயு அங்கேதான் கசியும். மூன்று மில்லிமீட்டராவது வேண்டும்.

முகத்தில் ஒட்டிய பழைய கரியைச் சுரண்டுமுன், துளைக்குள் துணி திணிக்கிறாரா என்று கவனிப்பேன். உதிரும் கரி உள்ளே விழுந்தால் போவது எஞ்சினின் வால்வு சீட்டுக்கு. எக்ஸாஸ்ட் பக்கத்துக்குக் காகித கேஸ்கெட் ஆகாது, கருகிவிடும். சிலிக்கோனும் அங்கே நிற்காது. உலோகமோ கிராஃபைட்டோதான். இன்டேக் பக்கம் நைலான் என்பதால் அங்கே போல்ட்டை முறுக்குவதில் மென்மை வேண்டும். இரும்பில் பழகிய கை நைலானில் கொஞ்சம் கூடுதலாக முறுக்கினாலும் வாய் விரிசல் விட்டுவிடும்.

வேலை நன்றாக முடிந்ததா என்பதைக் காதே சொல்லும். எக்ஸாஸ்ட் பக்கம் கசிந்தால், காலையில் குளிர்ந்த எஞ்சினை எழுப்பும்போது 'டிக் டிக்' என்று ஒரு சத்தம். உலோகம் சூடேறி விரிந்ததும் அடங்கிவிடும். சத்தம் அடங்கியதைப் பார்த்துச் சமாதானம் அடைகிறவர் மெக்கானிக் இல்லை. துடிப்புக்குத் துடிப்பு அந்த இடுக்கு வெளிக்காற்றை உறிஞ்சும், ஆக்சிஜன் சென்சார் அதை நம்பும், கணினி வீணாகப் பெட்ரோலை ஊற்றும். இன்டேக் பக்கம் கசிந்தால் ஐடிலிங் ஏறி இறங்கி அலையும்.

தகட்டோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள்தான் அதிகம். எனக்கு அதைவிட அழகாகத் தெரிவது அடுத்த அடைப்பு, கணினிக்குள் போடுவது. ஓடும்போது அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால், எல்.எஸ்.1-இன் கணினி அந்த நொடியில் இ.ஜி.ஆர். வால்வைத் திறந்து பார்க்கும். இன்டேக்கில் அழுத்தம் ஏறுகிறதா என்று சோதிக்கும். ஏறவில்லையென்றால் பி0401 என்று எழுதி விளக்கை எரியவிடும். விளக்கு சின்னத் தொல்லை. எரிந்த வாயு கலந்தால் தீ மெதுவாகப் பரவும் என்பதால், வால்வைத் திறக்கச் சொல்லும்போதெல்லாம் கணினி ஸ்பார்க்கை முன்கூட்டியே விடுகிறது. வழியைத் தகட்டால் அடைத்துவிட்டுக் கணினியைப் பழையபடி விட்டால், இல்லாத வாயுவுக்காக ஸ்பார்க் முந்தும், நிதான ஓட்டத்தில் நாக்கிங் வரும். விவரம் தெரிந்தவர் பிழைக்குறியை மட்டும் அணைத்துவிட்டு ஒதுங்கமாட்டார். இ.ஜி.ஆர். இயங்கத் தொடங்கும் வெப்பநிலையை எஞ்சின் எட்டவே முடியாத எண்ணுக்கு ஏற்றிவைப்பார். வால்வுக்குக் கட்டளையே போகாது; கூடுதல் முந்தலும் சேராது.

இந்தக் கலையை எந்தக் காரில் வேண்டுமானாலும் காட்டலாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இ.ஜி.ஆரோடு விற்ற காரில் அதை அடைப்பது அமெரிக்கத் தூய காற்றுச் சட்டப்படி குற்றம். கலிஃபோர்னியாவில் எஞ்சின் மாற்றினால், வரும் எஞ்சின் காரின் ஆண்டினதாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருக்க வேண்டும். அதன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாமும் கூடவே வர வேண்டும். 1975 வரையிலான மாடல்களுக்கு அங்கே புகைச் சோதனை இல்லை. 2000-ஆம் ஆண்டுக் கமாரோவில் எவ்வளவு அழகான தகட்டைப் போட்டாலும் எனக்கு அது ரசிக்கத் தகுந்த வேலை இல்லை. ஊரார் மூச்சை வாங்கிக்கொண்டு செய்யும் வேலைக்குப் பாராட்டு எதற்கு?

எல்.எஸ்.1-ஐ நான் விரும்புவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2001-இல் கமாரோ எஞ்சினிலிருந்து ஜெனரல் மோட்டார்ஸே இ.ஜி.ஆரை எடுத்துவிட்டது. எல்.எஸ்.6 எஞ்சினின் வகை இன்டேக் வந்தது, அதில் அந்த வாயே கிடையாது. பழைய காரில் 1998 எஞ்சினை இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முடிந்தால் அந்த இன்டேக்கையே தேடி வாங்குங்கள், நைலானில் அடைப்பு போடும் வேலை மிச்சமாகும். பூட்டும்போது பின்பக்கக் கூலன்ட் குழாய் இடிக்கும். அதைக் கழற்றி, ஹெட்டில் இருக்கும் அந்தத் துளைகளையும் ஒழுங்காக மூடுங்கள்.