உடைந்த மணிகளைப் பற்றி யார் எழுதுவது?

கொடுமணல் பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளைச் சில வருடங்களாகத் தேடிப் படித்து வருகிறேன். பெரும்பாலும் ஒரே வரிசைதான்: நொய்யல் கரை, பதிற்றுப்பத்து, ரோமானிய வணிகம், கடைசியில் கற்களின் பட்டியல். பெரில், நீலக்கல், சூதுபவளம், அகேட், பளிங்கு. அதோட முடிஞ்சுடும். அந்தக் கல்லை எப்படி மணியாக்கினார்கள் என்ற கேள்வியே வராது.

படிக்கும்போது எனக்கும் இது உறைக்கவில்லை. ஒடுகத்தூரில் வீட்டுக்குப் பின்னால் உட்கார்ந்து அகேட் அறுக்க ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

அகேட், பசால்ட் பாறையின் குழிகளில் சிலிக்கா அடுக்கடுக்காகப் படிந்து உருவாவது. நம்ம பக்கத்துப் பாறை வேற. அதனால் குஜராத் கல் வாங்கினேன், எலுமிச்சம்பழ அளவில். சின்னக் கல் பிடிக்கு நிற்காது, வழுக்கும். மரக்கட்டையில் எம்-சீல் வைத்து ஒட்டி, காய்ந்ததும் கட்டையைப் பிடித்து அறுக்க வேண்டும். சாதா ரம்பம் செல்லாது. டைமண்ட் பிளேடும் விடாத தண்ணீரும் வேண்டும். வில்லை 4 மி.மீ., பிளேடு 2 மி.மீ. என்றால் கல்லில் சுமார் மூன்றில் ஒரு பங்கு சேறாகப் போய்விடும். வரிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று வெளியே பார்த்தால் தெரியாது. என் முதல் மூன்று கல்லும் வீண்.

இந்த அனுபவத்தோடு திரும்பப் படித்தால், தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985-இல் தொடங்கிய கொடுமணல் அகழாய்வில் பெரிய செய்தி வேறு இடத்தில் இருக்கிறது. அங்கே முழு மணிகளோடு, தீட்டாதவை, துளையிடாதவை, கழித்த சில்லுகள் எல்லாம் கிடைத்தன. முழு மணி எங்கிருந்து வேண்டுமானாலும் வந்திருக்கலாம். பாதி வேலையில் உடைந்ததை யாரும் தூரத்திலிருந்து விலை கொடுத்து வாங்கிவர மாட்டார்கள். பட்டறை அந்த ஊரிலேயே இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. கட்டுரைகள் இந்தச் சாட்சியை ஒரு வரியில் தாண்டிப் போகின்றன.

வேலையின் மறுபக்கமும் உண்டு. குஜராத்தின் கம்பாத்தில் இன்றும் அகேட் மணி செய்கிறார்கள். தரையில் நட்ட இரும்பு முனையில் கல்லை அணைத்து, கொம்புத் தலை வைத்த சுத்தியலால் தட்டிச் செதுக்குகிறார்கள். அங்கே கல் தீட்டும் தொழிலாளர்களிடம் சிலிக்காத் தூளால் வரும் சிலிகோசிஸ் நுரையீரல் நோய் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. பொழுதுபோக்காக அறுக்கும் நான் தண்ணீரும் முகக்கவசமும் வைத்துக்கொள்ள முடிகிறது. கூலிக்குத் தீட்டுபவருக்கு அந்த வசதி எளிதில் வாய்ப்பதில்லை.

எங்க ஊர்க்காரங்களுக்கு இது எளிதில் புரியும். ஆம்பூர் ஷூவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து "தோல், ஏற்றுமதி" என்று மட்டும் சீட்டு ஒட்டினால், சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர் எங்கே என்று கேட்போம் இல்லையா? கொடுமணல் மணிக்கும் அதே கேள்வியைக் கேட்கலாம்.

கொடுமணல்தான் சங்கப் பாட்டின் கொடுமணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள். பதிற்றுப்பத்து 74-ஆம் பாட்டில் அரிசில்கிழார் அந்த ஊர் அணிகலனைச் சொல்லும்போது கல்லின் பெயரைச் சொல்லவில்லை; அதன் வேலைப்பாட்டைச் சொல்லித்தான் சிறப்பிக்கிறார். எல்லாக் கட்டுரையும் அந்தப் பாட்டை எடுத்துக்காட்டுகிறது. அது எதைப் புகழ்கிறது என்பதைத்தான் கவனிக்காமல் விட்டுவிட்டோம்.