சிறைக்கதவு திறந்த பின்னும்

ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பிள்ளைப்பாக்கம் தொழிற்பூங்காவில் ஒப்பந்தப் பணியாற்றும் இளைஞர் சிலருடன் ‘யூசுஃப்’ அத்தியாயத்தை ஓதிப் பொருள் ஆராய்ந்துகொண்டிருந்தோம். “அரசனே அழைத்த பிறகும் நபி யூசுஃப் (அலை) ஏன் உடனே சிறையை விட்டு வெளியேறவில்லை?” என்று ஒருவர் வினவினார். அவ்வினாவே இவ்வரலாற்றை எபிரேய வேதத்துடன் ஒப்புநோக்க நம்மைத் தூண்டிற்று.

ஆதியாகமம் 41ஆம் அதிகாரத்தில், அவரைப் பற்றி அரசனிடம் எடுத்துரைக்கும் பானபாத்திரக்காரன் பெயரைக்கூடச் சொல்வதில்லை. எபிரேய இளைஞன், காவலர் தலைவனின் வேலைக்காரன் என்றே குறிப்பிடுகிறான். அந்த வேலைக்காரர் அவசரமாகக் கொண்டுவரப்படுகிறார். சவரம் செய்து, உடைமாற்றி, பார்வோன் முன் நிற்கிறார். அவ்விடத்தில் சிறையைக் குறிக்கும் எபிரேயச் சொல், முன்பு சகோதரர்கள் அவரைத் தள்ளிய குழியைக் குறித்த அதே சொல்லாகும். இரு வீழ்ச்சிகளையும் ஒரு சொல்லால் பிணைத்த நயம் போற்றத்தக்கது. கனவின் விளக்கம் தம்முடையதன்று, இறைவனுடையது என அவர் அரசனிடம் கூறுவதும் உயர்ந்த இடமே. ஆயினும் முத்திரை மோதிரமும் பொன்மாலையும் பெற்ற பின்னரும், எஜமானி சுமத்திய பழி அங்கு விசாரிக்கப்படுவதில்லை. பதவி அதனை மறைக்கிறது, தீர்க்கவில்லை.

திருக்குர்ஆனில் நிகழ்ச்சிகளின் வரிசையே வேறு. கனவின் விளக்கம் சிறையிலேயே, எவ்வித நிபந்தனையுமின்றி வழங்கப்படுகிறது. அதன்பின் அழைக்க வந்த தூதரையோ அவர் திருப்பி அனுப்புகிறார்: தம் கைகளை வெட்டிக்கொண்ட பெண்களின் செய்தி என்னவென்று அரசனிடம் கேட்கச் சொல்கிறார் (12:50). அரசன் விசாரிக்கிறான்; அஸீஸின் மனைவி உண்மையை ஒப்புக்கொள்கிறாள். அதற்குப் பிறகே சந்திப்பு நிகழ்கிறது. யூசுஃப் சிறையிலிருந்த காலமளவு தாம் இருந்திருந்தால் அழைத்தவருக்கு உடனே இணங்கியிருப்பதாக நபிகள் நாயகம் (ஸல்) கூறியதை புகாரியில் காண்கிறோம். அப்பொறுமையின் அருமைக்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தமிழில் இவ்வரலாறு பெரிதும் ‘யூசுப் ஜுலைகா’ என்னும் இணைப்பெயராலேயே வழங்குகிறது. சாரண பாஸ்கரனின் காவியமும் அப்பெயரே தாங்கியது. காதலின் பெயரால் அறியப்பட்ட கதையில், நீதி கேட்ட இக்காட்சி நம் கவனத்தினின்று நழுவிவிடலாகாது.

வினவிய இளைஞரின் நிலையைப் பின்னரே அறிந்தோம். முன்பு பணிசெய்த ஓரிடத்தில் களவுப் பழி சுமத்தப்பட்டு நீக்கப்பட்டவர் அவர். சில வாரங்களில் மீண்டும் வேலைக்கு அழைத்தார்களாம். அழைப்பு வந்தது, அவர் திருடவில்லை என்னும் சொல் மட்டும் வரவில்லை.