டெல்லியைக் கேட்பது சுலபம்

2014 மக்களவைத் தேர்தலில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. சுப்பராயன் திருப்பூரில் சுமார் 33 ஆயிரம் ஓட்டுதான் வாங்கினார். ஐந்தாவது இடம், டெபாசிட்டும் போயிற்று. 2019இல் அதே தொகுதியில், அதே கதிர் அரிவாள் சின்னத்தில் 5 லட்சத்து 8 ஆயிரம் ஓட்டு வாங்கி, 93 ஆயிரம் வித்தியாசத்தில் ஜெயித்தார். தொழிற்சங்கத்திலேயே தலை நரைத்தவர் அவர். அரசைக் கேள்வி கேட்கும் பேச்சை 2019க்காகப் புதிதாகக் கற்றுக்கொண்டவர் அல்ல. இடையில் பணமதிப்பிழப்பும் ஜிஎஸ்டியும் வந்தன. திமுக கூட்டணியும் வந்தது. மூன்றுக்கும் பங்கு உண்டு. ஆனாலும் கூட்டணி இல்லாதிருந்தால் மற்ற இரண்டும் இத்தனை ஓட்டாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை.

மத்திய அரசைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றி ஓட்டுக் கேட்பது திருப்பூரில் எதிரணி வேட்பாளர்களின் வழக்கமாகிவிட்டது. அதன் பலத்தைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. இந்த ஊரில் ஒரு பனியன் ஒரே கூரைக்குக் கீழ் உருவாவதில்லை. நூல் வாங்கி நிட்டிங்குக்குக் கொடுப்பார்கள். துணி சாயப்பட்டறைக்குப் போகும். பிரிண்டிங், கட்டிங், தையல், செக்கிங் என்று கூலிக்கு வேலை செய்யும் பல பட்டறைகளைத் தாண்டித்தான் பெட்டியில் ஏறும். 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது ஆடைகளுக்கான ஜாப் ஒர்க்குக்கு 18 சதவீத வரி என்றார்கள். இங்கே சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியிலும் வரி; திரும்பி வரும்வரை முதல் முடங்கும். எதிர்ப்பு எழுந்தது, சில வாரங்களிலேயே 5 சதவீதமாக இறங்கியது. சனிக்கிழமைச் சம்பளத்தை ரொக்கமாகக் கொடுத்துப் பழகிய ஊரில் 2016 நவம்பர் என்ன செய்தது என்பதைச் சொல்லவே வேண்டாம். டெல்லியில் போடும் ஒரு கையெழுத்து அடுத்த வாரமே தையல் மெஷினை நிறுத்திவிடும் ஊர் இது. அதை மேடையில் எடுத்துச் சொல்வது வீண்பேச்சு ஆகாது.

நூல் விலையையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். 2021 பட்ஜெட்டில் பஞ்சு இறக்குமதிக்கு வரி போட்டார்கள். எல்லாம் சேர்த்து 11 சதவீதம். நூல் விலை ஏறிக்கொண்டே போனதும் 2022 ஏப்ரலில் அதை நிறுத்தி வைத்தார்கள். அப்படியும் விலை அடங்காமல் மே 16, 17 தேதிகளில் திருப்பூர் கதவடைத்தது. யார் போட்டது, யார் எடுத்தது, எப்போது என்று இந்த விஷயத்தில் விரல் நீட்டிச் சொல்ல முடியும். ‘தொழில் நசிந்துவிட்டது’ என்று பொதுவாகப் பேசும் வேட்பாளருக்கும் ‘இந்த அறிவிக்கையை ரத்து செய்’ என்று கேட்பவருக்கும் இதுதான் வித்தியாசம். முன்னவரின் பேச்சுக்குக் கைதட்டல் கிடைக்கும், யாரும் பதில் சொல்ல மாட்டார்கள்.

சரி, பதில் சொல்ல வேண்டியவர் எதிரே நின்றாரா? தொகுதிச் சீரமைப்பில் உருவான திருப்பூர்த் தொகுதியின் முதல் தேர்தல் 2009இல் நடந்தது. ஜெயித்தவர் அதிமுகவின் சி. சிவசாமி. 2014இல் கட்சி அவரை விட்டுவிட்டு வி. சத்தியபாமாவை நிறுத்தியது. 2019இல் சத்தியபாமாவுக்கும் சீட் இல்லை, முன்னாள் அமைச்சர் எம்.எஸ்.எம். ஆனந்தன் நின்றார். ஐந்து வருடம் என்ன செய்தீர்கள் என்று கேட்க வாக்காளருக்கு முன்னால் ஆள் இல்லை. கேள்வி டெல்லிக்குப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனந்தனின் நிலையும் தர்மசங்கடம்தான்: பாஜக கூட்டணியில் நின்றுகொண்டு ஜிஎஸ்டியைத் திட்டி ஓட்டுக் கேட்க முடியாது.

அந்தத் தர்மசங்கடம் பின்னர் சுப்பராயன் பக்கமும் வந்தது. 2022 செப்டம்பரில் மின்கட்டணம் உயர்ந்தபோது, நிலைக்கட்டணமும் உச்சநேரக் கட்டணமும் சிறு தொழில்களின் கழுத்தைப் பிடித்தன. முடிவு எடுத்தது சென்னை, அதாவது கூட்டணிக்குத் தலைமை தாங்கிய திமுகவின் அரசு. கூட்டணிக் கட்சி அதை எதிர்த்து அறிக்கை விடலாம், மனு கொடுக்கலாம்; தேர்தல் மேடையில் அதையே ஆயுதமாக்க முடியாது. பணமும் இதில் சேர்கிறது. 2019 தேர்தல் செலவுக் கணக்கில், இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 15 கோடி ரூபாய் கொடுத்ததாகத் திமுகவே தேர்தல் ஆணையத்திடம் காட்டியிருக்கிறது. கணக்கில் வந்த பணம், ஒளிவுமறைவு இல்லை. ஆனால் தேர்தலை நடத்த அண்ணன் கட்சி பணம் கொடுத்திருக்கும்போது, தம்பி கட்சியின் குரல் கோட்டை வாசலில் எவ்வளவு உயரும்?

டெல்லியைக் கேட்பதில் இன்னொரு சௌகரியம் இருக்கிறது. இந்த வழக்கத்தின் பெரிய ஓட்டை என்று நான் நினைப்பது அதைத்தான். நூல் விலையில் முதலாளியும் தொழிலாளியும் ஒரே பக்கம். கூலியில் இல்லை. 1984இல் பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்த ஊர் இது. அந்தச் சண்டை ஊருக்குள்ளேயே நடந்தது. நாடாளுமன்றத் தேர்தல் வந்துவிட்டால் அந்தக் கோடு அழிந்து, எல்லோரும் சேர்ந்து வடக்கே பார்க்கிறார்கள்.

நொய்யல் ஆற்றைப் பாருங்கள். சாயக்கழிவு ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. அந்த அணையின் பாசனப் பரப்பில் பெரும்பகுதி கரூர் மாவட்டத்தில் இருக்கிறது. பாழானது அவர்கள் நிலம், ஆனால் திருப்பூரில் அவர்களுக்கு ஓட்டு இல்லை. சாயப்பட்டறையால் பிழைப்பவர்களுக்கு இருக்கிறது. ஆயக்கட்டுதாரர்கள் நீதிமன்றத்துக்குத்தான் போனார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. நிறைவேறாததால் 2011 ஜனவரி 28இல் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடச் சொன்னது; எழுநூறுக்கும் மேற்பட்டவை நின்றன. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைப் பதில் சொல்ல வைத்தது எந்த வேட்பாளரின் பிரசாரமும் அல்ல.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்து இங்கே தைக்கிறவர்களின் கதையும் இதேதான். அவர்களின் ஓட்டு சொந்த ஊரில். இருக்கும் இடத்திலிருந்தே ஓட்டுப் போடும் இயந்திரத்தைத் தேர்தல் ஆணையம் 2023 ஜனவரியில் கட்சிகளுக்குக் காட்ட முன்வந்தபோது, எதிர்க்கட்சிகள் பலவும் ஏற்கவில்லை. அந்தக் கட்சிகளின் சந்தேகங்களில் நியாயம் உண்டு. ஆனால் தங்கும் அறையும் இரவு ஷிப்டும் தேர்தல் பேச்சாகாமல் போவதற்கும் அங்கே தங்குகிறவர்களுக்கு இங்கே ஓட்டு இல்லாததற்கும் தொடர்பு இல்லை என்று சொல்ல முடியுமா?

தொகுதியின் வரைபடமும் உதவுவதில்லை. திருப்பூர் மாவட்டத்தின் எட்டுச் சட்டமன்றத் தொகுதிகள் ஐந்து மக்களவைத் தொகுதிகளில் சிதறிக் கிடக்கின்றன. விசைத்தறி ஓடும் பல்லடம் கோவையோடு, அவிநாசி நீலகிரியோடு, காங்கேயமும் தாராபுரமும் ஈரோட்டோடு, உடுமலையும் மடத்துக்குளமும் பொள்ளாச்சியோடு. திருப்பூர் எம்.பி.யின் கீழே வரும் ஆறில் பெருந்துறை, பவானி, அந்தியூர், கோபி நான்கும் ஈரோடு மாவட்டம். அங்கே மஞ்சளும் வாய்க்கால் தண்ணீரும் பேச வேண்டும். பனியன் பேச்சு திருப்பூர் வடக்கு, தெற்கு என்ற இரண்டோடு நின்றுவிடும்.

கட்சியே வேண்டாம் என்று நின்று பார்த்தவர்களும் இந்தப் பக்கத்தில் உண்டு. சட்டமன்றத் தேர்தல்தான் என்றாலும் 1996 மொடக்குறிச்சியை மறக்க முடியாது: கோரிக்கைகளைக் கேட்க ஆளில்லை என்று விவசாயிகள் கும்பலாக மனுத் தாக்கல் செய்ய, 1,033 வேட்பாளர்கள், வாக்குச்சீட்டு புத்தகமாயிற்று. நாடே திரும்பிப் பார்த்தது. அதே ஆண்டு மக்களவைக்கான டெபாசிட் 500 ரூபாயிலிருந்து 10,000 ஆனது. அரசிடமிருந்து வந்த வேகமான பதில் அதுதான்.

2024இல் திருப்பூர் முதல் முறையாக ஒரு பதவியிலிருந்த எம்.பி.யை மறுபடி வேட்பாளராகப் பார்த்தது. சுப்பராயன் ஜெயித்தார்; வித்தியாசம் 1 லட்சத்து 25 ஆயிரத்துக்கும் மேல். ஆனால் அவர் வாங்கிய ஓட்டு முன்பைவிடக் குறைந்து 4 லட்சத்து 72 ஆயிரம் ஆனது. தனித்தனியாக நின்ற அதிமுக, பாஜக இரண்டின் ஓட்டையும் கூட்டினால் அவருடையதைத் தாண்டுகிறது. ஆக, ஐந்து வருட வேலைக்குக் கிடைத்த மதிப்பெண் என்று இதைப் படிக்க வழியில்லை. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது பஞ்சு வரியை டெல்லி மறுபடி நிறுத்தி வைத்தது. 2022இல் எடுத்த அதே வரி, இடையில் திரும்ப வந்திருந்தது. ஏன் திரும்ப வந்தது, அப்போது அவையில் யார் என்ன கேட்டார்கள் என்பதைத்தான் அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், எந்த அணியாக இருந்தாலும், நான் முதலில் கேட்பேன்.