தண்ணீர் கேட்கும் பியானோ

ஐப்பசி மழையில் கதவு நிலையோடு இறுகிக்கொள்வதும் பங்குனி வெயிலில் தானாகத் தளர்வதும் நமக்குப் பழகியவை. பியானோவின் வயிற்றுக்குள்ளும் இதே கூத்துதான். இறுகுவது மட்டும் சுருதி.

சுமார் 230 தந்திகள், மொத்தத்தில் ஏறக்குறைய 18 டன் இழுவிசை என்றால் யாரும் தந்தியைத்தான் சந்தேகிப்பார்கள். ஆனால் ஆட்டம் காட்டுவது மரம். தந்திகளுக்குக் கீழே, ஒரு சென்டிமீட்டர்கூடத் தடிமனில்லாத ஸ்ப்ரூஸ் பலகை ஒன்று லேசாக மேடிட்டு நிற்கிறது, சவுண்ட்போர்டு என்பார்கள். ஈரம் குடித்த மரம் நீளவாக்கில் அவ்வளவாக வளராது, குறுக்கேதான் உப்பும். அடியில் ஒட்டிய சட்டங்கள் அதை அகலவிடாமல் பிடித்துக்கொள்ள, பலகை மேல்நோக்கிப் புடைக்கிறது. அதன்மேல் அமர்ந்த பிரிட்ஜ் தந்திகளை முட்டுகிறது, சுருதி ஏறுகிறது. எல்லாம் ஒரே அளவாக ஏறினால் காது மன்னித்துவிடும். மத்திய ஸ்தாயி ஏற, அடியிலும் உச்சியிலும் உள்ள சுரங்கள் அத்தனை அசையாமல் கிடக்கும். பாஸ் பிரிட்ஜ் முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்துக்குச் சற்று மேலே உள்ள சுரங்கள்தான் முதலில் காட்டிக்கொடுப்பவை.

இதற்கு அமெரிக்காவின் டாம்ப்-சேசர் நிறுவனம் செய்யும் கருவி, பியானோவுக்குள்ளேயே கண்ணில் படாமல் ஒளிந்துகொள்ளும். ஒரு சூடாகும் தண்டு, ஒரு தண்ணீர்த் தொட்டி, இரண்டையும் ஏவுகிற சின்ன டப்பா, அவ்வளவுதான். நான் சொக்கிப்போவது அந்தத் தண்டில். ஈரத்தை அது உறிஞ்சுவதே இல்லை! காற்றைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக்குகிறது. அதிலேயே ஒப்பு ஈரப்பதம் இறங்கிவிடுகிறது. குளிர்காலத்தில் அறை ஹீட்டர் ஓடி வீடு வறண்டால் தண்டு அணைந்து தொட்டியின் முறை வரும்: நனைந்த திரி நீரை இழுத்துக் காற்றுக்குக் கொடுக்கும். இப்படி மாறி மாறி, பலகையைச் சுற்றிய ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. தந்தியை யாரும் தொடவில்லை.

ட்யூனருக்கு வேலை போய்விடாது. வாசிக்க வாசிக்கத் தந்தி தளரத்தான் செய்யும். ஆனால் அவர் 440 ஹெர்ட்ஸில் நிறுத்திவிட்டுப் போன ‘ஏ’ சுரம் பருவம் மாறினாலும் அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.

கட்டைகளுக்கு அடியில் குனிந்து பார்த்தால் இந்தக் கருவியின் சிறு விளக்குகள். மஞ்சள் மினுக்கினால் தொட்டி வற்றுகிறது என்று பொருள். துளசிக்கு ஊற்றுகிற பதத்தில், குழாய் வழியே மெல்ல ஊற்ற வேண்டும். வயிறு நிறைந்ததும் மஞ்சள் அணைந்துவிடும்.